அட்டை, இருட்டு, அடிடாஸ் கம்போங்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூமாலைக் கடைகளையும் சேலைக் கடைகளையும் தாண்டி, ஒரு பழைய காலணிக் கடையில் நான் கேட்ட பொருளைக் கேட்டதும் கடைக்காரர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “தோட்டத்துல வேலையா?” இல்லை, மலையேறப் போகிறோம் என்றேன். சிரித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போய் ஒரு ஜோடியை எடுத்துவந்து போட்டார். முழுக்க ரப்பரில் வார்த்த கறுப்புக் காலணி. அடியில் பந்தாட்டக் காலணிக்கு இருப்பதுபோலக் குமிழ்கள். மலேசியாவில் மலையேறும் கூட்டம் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘அடிடாஸ் கம்போங்’. அசல் அடிடாஸுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பல நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய வெளிநாட்டுக் காலணி ஈரவேரில் வழுக்கி விழும் இடத்தில், இந்த மலிவுச் சரக்கு பல்லியைப்போல ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் புகுந்தால் கவிழ்த்துக் கொட்டிவிட்டு நடக்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்கப்பா பால் வெட்டப் போட்டுக்கிட்டுப் போனதுடா இது. அதக் காசு குடுத்து வாங்கிக்கிட்டுக் காட்டுல போய்ப் படுக்கப் போறியா?”

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் பயணம் முழுக்க அந்தக் கேள்வி கூடவே வந்தது.

காட்டை வெட்டி எரித்து வயலாக்குவதற்குத் தமிழில் ஒரு சொல் உண்டு: காடு திருத்துவது. பிழையைத் திருத்துவதுபோலக் காட்டையும் திருத்துகிறோம். மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் திருத்தத்தான் வந்தார்கள். பெருமரங்களைச் சாய்க்கும் வேலை பல இடங்களில் மலாய், ஜாவானிய ஒப்பந்தக்காரர்களிடம் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எரிந்த நிலத்தில் கட்டை பொறுக்கி, கால்வாய் வெட்டி, குழி தோண்டி, கன்று நட்டு, லாலாங் புல்லோடு போராடியவர்கள் நம்மவர்கள். கிள்ளானைச் சுற்றி இன்று வீடமைப்புப் பகுதிகள் நிற்கும் இடமெல்லாம் அப்படிக் காடாக இருந்து, ரப்பராகி, செம்பனையாகி, கான்கிரீட் ஆனவை. அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள் நாங்கள் எட்டுப் பேர். கிள்ளானிலிருந்து மூவர், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஐவர். திருத்தப்படாத காட்டில் மூன்று இரவு படுக்கக் கிளம்பினோம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்குக் ‘காம்பிங்’ என்றால் இப்போது பலவகை. ஹுலு லங்காட்டிலும் ஜண்டா பாய்க்கிலும் மெத்தை போட்ட கூடாரம், சூடான குளியல், கரோக்கே, விடியவிடிய ஒலிபெருக்கி எல்லாம் கிடைக்கும். குடும்பத்தோடு போய் வர அது நல்லதுதான். ஆனால் ஆற்றங்கரைக்குப் போய் ஆற்றின் சத்தம் கேட்காதபடி பாட்டு வைப்பவர்களை எனக்குப் புரியவில்லை. நாங்கள் தேடிப்போனது வேறு: குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, விளக்கு இல்லை, கைப்பேசிக் கோடு இல்லை. முதுகில் சுமந்ததுதான் வீடு.

அதற்குச் சரியான இடம் தாமான் நெகாரா. பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலங்களிலும் பரந்த 4,343 சதுர கிலோமீட்டர். பெரும்பாலோர் கோலா தகான் பக்கம் படகில் போய், தொங்குபாலத்தில் நடந்துவிட்டு வருவார்கள். நாங்கள் தேர்ந்தது மேற்கு வாசல்: மெராப்போ கிராமத்துக்கு அருகிலுள்ள சுங்கை ரெலாவ். அங்கிருந்து தீபகற்பத்தின் மிக உயரமான சிகரமான 2,187 மீட்டர் குனோங் தகானுக்குப் பாதை போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடிவிடுவார்கள். நாங்கள் போனது ஜூன்.

வேன் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பியது. பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தின் வெள்ளைக் குடைகளும் கோபுரங்களும் இருட்டில் பளிச்சிட்டன. அதை நான் ஆயிரம் முறை கடந்திருக்கிறேன். அந்த நிலையத்துக்கும் நாங்கள் போகும் காட்டுக்கும் உறவுண்டு என்பது சமீபத்தில்தான் தெரிந்தது. 1910ல் திறந்த அந்தக் கட்டடத்தை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். மஸ்ஜித் ஜாமெக்கும் அவர் கைவரிசையே. அவருடைய உடன்பிறந்தவர் தியோடோர் ஹப்பக், தோட்டத்துரை, பேர்போன வேட்டைக்காரர். மலாய் மாநிலங்களில் யானையும் செலாடாங் எனும் காட்டெருமையும் வேட்டையாடியது பற்றி 1905லேயே புத்தகம் எழுதியவர். சுட்டுச் சுட்டு ஓய்ந்தாரோ, உள்ளுக்குள் என்ன முறிந்ததோ, பிற்காலத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டுக் காட்டுக்காக வாதாடத் தொடங்கினார். ரப்பர் விலையே வேதமாக இருந்த காலத்தில், தோட்டத்துரைகளின் எரிச்சலைச் சம்பாதித்துக்கொண்டு, மலாயா வனவிலங்கு ஆணையத்தின் அறிக்கையை 1932ல் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார். தகான் மலையைச் சுற்றி 1925ல் அறிவிக்கப்பட்டிருந்த விலங்குக் காப்பகம், மூன்று சுல்தான்களின் இசைவோடு 1938-39ல் ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்காவாக விரிந்தது. விடுதலைக்குப் பிறகு அதன் பெயர் தாமான் நெகாரா, அதாவது தேசியப் பூங்கா. அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் கட்டியதை நகரம் முழுக்கப் படமெடுக்கிறார்கள். மற்றவர் கட்டவிடாமல் தடுத்ததுதான் இன்று நிற்கும் காடு. அவருக்கு நகரில் அவ்வளவு புகழ் இல்லை.

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் பிரிவைக் கடக்கும்போது வேனில் பேச்சு நின்றது. 2022 டிசம்பர் 16 அதிகாலை, அந்த மலைத்தொடரில் பத்தாங் காலி அருகே முகாம்தளத்தின்மேல் மண் சரிந்தது. கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. பள்ளி விடுமுறை நாள். எங்களில் இருவர் வீட்டில் அதன் பிறகு காம்பிங் என்ற சொல்லுக்கே தடை. ‘எங்கே படுப்பது’ என்பது முகாமில் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுதான் என்று அன்று நாடு முழுக்கத் தெரிந்தது.

பெந்தோங், ரவுப், கோலா லிப்பிஸ் தாண்டிப் போகும்போது ஓரிடத்தில் தண்டவாளம் கூடவே ஓடுகிறது. கெமாஸிலிருந்து தும்பாட்வரை போகும் கிழக்குக்கரை ரயில்பாதை, வெள்ளைக்காரப் பயணிகள் ‘காட்டு ரயில்’ என்று கொண்டாடும் அதே பாதை. 1931ல் முழுமையடைந்தது. ஜப்பானியர் ஆட்சியில் இதன் பெரும் பகுதித் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்த 415 கிலோமீட்டருக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் எத்தனை பேர் திரும்பவில்லை என்பது நம் குடும்பங்களில் இன்னும் கணக்கு முடியாத விஷயம். எங்கள் வேனிலேயே ஒருவரின் பாட்டனுக்குச் சாவுத் தேதி கிடையாது, அமாவாசையில்தான் படைக்கிறார்கள். இரும்பும் ஆளும் வெவ்வேறு இடத்திலிருந்து கிளம்பி ஒரே காட்டுக்குப் போயிருக்கின்றன. நம்மவர்களுக்குக் காடு என்றால் ஏன் இத்தனை பயம் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

சுங்கை ரெலாவில் பூங்கா அலுவலகம். அங்கே மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஈக்கான் பிலிஸ் பொட்டலம் எத்தனை, மெகி எத்தனை, சார்டின் டின் எத்தனை, மைலோ எத்தனை, பேட்டரி எத்தனை எல்லாம் எழுதிக்கொள்கிறார்கள். திரும்பும்போது அத்தனையும் உறையாகவோ காலி டின்னாகவோ கணக்குக் காட்ட வேண்டும். இம்மி பிசகக் கூடாது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். எங்களுக்கு வாய்த்தவர் மெராப்போக்காரர், ஐம்பதைத் தொட்டவர். பாங் என்றே கூப்பிட்டோம். அவர் காலிலும் அடிடாஸ் கம்போங்.

கோலா ஜுராம்வரை ஃபோர்வீல் வண்டி. அப்புறம் கால். ஆற்றை இடுப்பளவுத் தண்ணீரில் கடந்ததும் வெளிச்சம் மாறிவிட்டது. பழங்காட்டின் தரைக்கு வந்துசேர்வது மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அதனால் கீழே புதர் அடர்ந்திருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். நாம் ‘காடு’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் முட்புதர் அடர்த்தியெல்லாம் வெட்டுப்பட்ட காட்டின் தழும்புகள். வெட்டுப்படாத காட்டில் தூண்கள்தான் இருக்கின்றன. மெராந்தி, கெருயிங், செங்கால். இரண்டு ஆள் உயரத்துக்குப் பலகைபோல விரிந்த வேர்கள். ஒரு மரத்தை நால்வர் கைகோத்துத் தழுவப் பார்த்தோம், எட்டவில்லை.

இந்தக் காட்டுக்கு வயது 13 கோடி ஆண்டு என்று சுற்றுலாப் பலகைகள் சொல்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. எந்த மரத்துக்கும் அந்த வயதில்லை. பனியூழிகள் வடக்கில் காடுகளைத் துடைத்தெடுத்த காலத்திலும் பனிப்பாளம் இந்த நிலத்தை மூடவில்லை, அதனால் இங்கே காடு தொடர்ந்து இருந்துவந்தது என்பதுதான் அதன் சாரம். ஆளுக்கு ஆள் மாறினாலும் அணையாமல் காத்த அடுப்புபோல.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் மலேசியக் காட்டைப் பற்றி யாரும் எழுதியதில்லை. நானும் விதிவிலக்கல்ல. பாச்சாட் என்பார்கள் மலாயில். இலை நுனியில் எழுந்து நின்று, தலையை ஆட்டி, நம் மூச்சையும் சூட்டையும் மோப்பம் பிடிக்கும். கடிக்கும்போது வலிக்காது. இரத்தம் உறையாதபடி மருந்து கலந்துதான் குடிக்கிறது, அதனால் அது உதிர்ந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். முதல் மணி நேரம் எட்டுப் பேரும் அலறினோம். இரண்டாம் நாள் பேசிக்கொண்டே சுண்டிவிட்டோம். ஒருவன் அட்டை நடப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தபோது, பாங் விரலை உதட்டில் வைத்தார். இந்தக் காடு பாத்தேக் மக்களுடையது, காட்டுயிர்களைக் கேலி செய்து சிரித்தால் இடிமழை வரும் என்பது அவர்கள் நம்பிக்கை, என்றார். இடிக்குரிய அவர்களின் தெய்வத்தின் பெயர் கோபார். அன்று மாலை நாலரைக்கு வானம் பிளந்தது. தற்செயல்தான். ஆனால் அதன் பிறகு எந்த உயிரையும் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

பாத்தேக் மக்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். இந்தப் பூங்கா எல்லை வரைந்தவர்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே வேட்டையாடியும் கிழங்கெடுத்தும் வாழ்பவர்கள். பிரம்பும் வாசனைக் கட்டையும் எடுத்து விற்பவர்கள். இலை வேய்ந்த சாய்ப்பு ஒன்றைச் சற்று நேரத்தில் எழுப்பிக்கொள்வார்கள், சில நாளில் விட்டுவிட்டுப் போவார்கள். நாம் முதுகொடியச் சுமந்து ‘எளிமை’ என்று பழகுவது அவர்களுக்கு அன்றாடம். பூங்காவின் கிளந்தான் வாசலான கோலா கோவில் 2019ல் தட்டம்மை பரவி, பாத்தேக் கிராமத்தில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். சுற்றிலும் காடு தோட்டமாகிவிட்ட கிராமம் அது. காட்டில் படுத்து எழுந்து வந்த பெருமையைப் பேசும்போது, காட்டை விட்டால் வேறு வீடில்லாதவர்களின் கதையும் நினைவில் இருப்பது நல்லது.

முதல் இரவு கெம் கோர். முகாம் என்றால் மரங்களுக்கிடையே மிதிபட்ட கொஞ்சம் மண்தரை. பக்கத்தில் ஓடை. பாங் மூட்டையை இறக்காமல் கழுத்தை அண்ணாந்து நின்றார். ஐந்து நிமிடம் மேலேயே பார்த்தார். புலி எங்கே என்று கேட்காதே, பட்ட கிளை எங்கே என்று கேள் என்பது அவர் பாடம். மழைக்காட்டின் மண் மெலிந்தது, சத்தெல்லாம் மேல்தோலில் சருகோடு சருகாக இருக்கிறது. அதனால் இத்தனை பெரிய மரங்களும் ஆழ வேரோடாமல் பக்கவாட்டில்தான் பரவுகின்றன. பெருங்காற்றில் அவை விழும். ஒன்று விழுந்தால் கொடிகளால் பிணைந்த நாலும் கூட விழும். இரவில் எங்கோ ஒரு மரம் முறிந்து சாய்ந்த சத்தம் கேட்டேன். முதலில் துப்பாக்கி வெடித்ததுபோல. அப்புறம் நெடுநேரம் மழை இறங்குவதுபோல. அதன் பிறகு வந்த அமைதி அந்தச் சத்தத்தைவிடப் பெரிது.

ஓடைக்கு மிக அருகிலும் படுக்கவில்லை. இங்கே மழையே இல்லாமல் மேலே மலையில் கொட்டினால், கலங்கிய தண்ணீர் சுவர்போல இறங்கும். கெப்பாலா ஆயர் என்று எல்லா இனத்தவரும் சொல்வது அதைத்தான். தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சருகும் நுரையும் வந்தால், பாத்திரத்தைக்கூடப் பார்க்காமல் மேடேற வேண்டும்.

கூடாரம் வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு. இரண்டு மரத்துக்கிடையே ஹேமக், மேலே ஃப்ளைஷீட். சமையல் கேஸ் அடுப்பில்: சோறு, ஈக்கான் பிலிஸ் சம்பல், அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாய். தோட்டத்தில் மழைநாளில் ஒட்டுப்பால் துண்டைக் கொளுத்தி அடுப்பு மூட்டுவார்களாம். ஒருவன் அப்பாவின் நினைவாகக் கொஞ்சம் சைக்கிள் டியூப் துண்டு கொண்டுவந்திருந்தான். அது அவன் பையிலேயே இருந்தது.

ஆறு மணிக்குச் சில்வண்டு கத்தத் தொடங்கியது. கத்தல் என்று சொல்வது குறைவு, பட்டறையில் இரும்பு அறுப்பதுபோல. கடிகாரம் வைத்ததுபோல அந்த நேரத்துக்குத்தான் அது தொடங்கும். ஏழரைக்கு இருட்டு. நகரத்தில் இருட்டு என்பது வெளிச்சம் குறைந்த நிலை. இங்கே அது ஒரு பொருள், கையால் தொடலாம்போல. தலைவிளக்கை அணைத்துவிட்டு முகத்துக்கு முன் விரலை அசைத்தேன். விரல் இல்லை. சற்று நேரம் கழித்துத் தரையில் மங்கலான பச்சைப் புள்ளிகள் தெரிந்தன, மக்கும் கட்டையில் ஒளிரும் காளான். யாரோ தோட்டத்து முனியாண்டிக் கதையை ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்று எல்லாருமாகத் தடுத்தோம். பாங் புலியைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் ‘தோக் பெலாங்’ என்றார், வரிக்காரத் தாத்தா. பெயரைச் சொன்னால் வந்துவிடுமாம். இப்போது பெயர் சொன்னாலும் வருவதற்கு அது மிச்சமிருக்க வேண்டுமே. தீபகற்பம் முழுக்க 150க்கும் குறைவு என்று 2022ல் அரசு சொன்னது. ஹப்பக் ஆராய்ந்து எழுதிய சுமத்திரா காண்டாமிருகம் இந்தக் காடுகளில் இன்று இல்லவே இல்லை. நாட்டின் கடைசி ஒன்று, இமான் என்ற பெண் காண்டாமிருகம், 2019 நவம்பரில் சபாவில் இறந்தது.

கொசுவலையை நான் சரியாகக் கட்டவில்லை என்று பாங் எழுந்துவந்து கட்டிவிட்டார். காரணம் உண்டு. 1965ல் பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்க நில அளவையாளருக்குக் காய்ச்சல் வந்தது. குரங்குக்கு மட்டுமே வரும் என்று நினைத்திருந்த மலேரியா மனிதனுக்கும் இயல்பாகத் தொற்றும் என்று உலகம் அறிந்தது அவர் இரத்தத்தில்தான். பிறகு அதை மறந்தேவிட்டார்கள். 2004ல் சரவாக்கில் பேராசிரியர் பல்பீர் சிங்கின் குழு, காப்பிட் பகுதியில் நோயாளிகள் பலருக்கு வந்திருப்பது அதே குரங்கு மலேரியாதான் என்று காட்டியது. மனித மலேரியா 2018 முதல் சில ஆண்டுகள் தொடர்ந்து மலேசியாவில் உள்ளூரில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை, ஆனால் இது நிற்கவில்லை. 24 மணி நேரத்துக்கொரு முறை இரத்தத்தில் பெருகும், வேகமாக ஆளைச் சாய்க்கும். காட்டில் படுத்துவிட்டு வந்தவர் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனால், முதலில் சொல்ல வேண்டியது காட்டில் படுத்ததைத்தான்.

மற்ற இரண்டு இரவுகளையும் உச்சியையும் பற்றி எழுத அதிகமில்லை. கெம் கூபாங்கில் குளிர்ந்தது. எல்லா மரமும் பாசிச் சட்டை போட்டிருந்தது. கெம் போன்சாயில் மரங்கள் இடுப்பளவுக்குச் சுருங்கிவிட்டன. உச்சியில் மேகம். ஒன்றும் தெரியவில்லை. படம் எடுத்துக்கொண்டோம். எனக்கு அதைவிட நினைவில் நிற்பது, கூபாங்கில் விடியலில் சிறு மண்வெட்டியும் தண்ணீர்ப் போத்தலுமாக எட்டுப் பேரும் எட்டுத் திசையில் போன காட்சி. குழி ஒரு சாண், ஓடையிலிருந்து விலகி, மூடிவிட்டு வர வேண்டும். எங்களில் ஒருவர் பெட்டாலிங் ஜெயாவில் அலுவலகத்தில் முப்பது பேருக்கு மேலாளர். அன்று அவர் திரும்பி வந்த முகத்தில் தெரிந்த அடக்கம் இதற்கு முன் நான் கண்டதில்லை.

நான்காம் நாள் சுங்கை ரெலாவில் மூட்டையைக் கவிழ்த்தோம். அலுவலர் பட்டியலை எடுத்து எண்ணினார். மெகி சரி. டின் சரி. மைலோ உறை ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார், மறுபடி குறைந்தது. எட்டுப் பேரும் எல்லாப் பாக்கெட்டையும் துழாவினோம். வேன்காரர் ஹார்ன் அடித்தார். அரைமணி நேரம் கழித்து அது என் அடிடாஸ் கம்போங்கின் குதிகாலில் கிடைத்தது. தோல் உரிந்த இடத்தில் உறுத்தாமலிருக்க இரண்டாம் நாள் நானே மடித்து வைத்தது.

கிள்ளானில் மறுநாள் அம்மா அந்தக் காலணியைப் பின்கட்டுக் குழாயடியில் போட்டுத் தேங்காய்நார்ப் பிரஷ்ஷால் தேய்த்தார். நான் செய்கிறேன் என்றேன், விடவில்லை.

“மரமெல்லாம் பெருசாடா?”

நால்வர் கைகோத்தும் எட்டவில்லை என்றேன்.

“எங்க தோட்டத்து மேட்டுல ஒண்ணு நின்னுச்சு. துவாலாங். காட்டை எல்லாம் திருத்தினாங்க, அத மட்டும் விட்டுட்டாங்க. மேல தேனடை தொங்கும், ஒவ்வொண்ணும் முறம் மாதிரி. அடியிலதான் முனீஸ்வரன் வச்சிருந்தோம். யாரும் கை வைக்க மாட்டாங்க.”

“அது இப்ப எங்க?”

“வீடமைப்பு வந்துச்சுல்ல” என்றார். காலணி இரண்டையும் குச்சியில் கவிழ்த்து மாட்டினார், தண்ணீர் வடிய.